பாலமதி, ஏலகிரி ஏற ரோடு சைக்கிளின் கியரை இலகுவாக்குவது: முழுமையான வழிகாட்டி

வேலூரிலிருந்து ராணிப்பேட்டைக்கோ ஆம்பூருக்கோ போய்வரும்வரை கியரைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. பாலமதிச் சாலை நிமிரும் இடத்தில், அல்லது ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளில் மூன்றாவதைத் தாண்டும்போதுதான், கை தானாகவே இன்னொரு இலகு கியரைத் தேடும். லிவர் நகராது. கடைசிப் பல்சக்கரத்தில் ஏற்கெனவே நிற்கிறோம்.

அன்று மாலையே ஆன்லைனில் பெரிய கேசட் (பின்சக்கரத்தின் பல்சக்கரத் தொகுதி) ஒன்றை வாங்கிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. இந்த வேலையில் கேசட் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். எது பொருந்தும் என்பதைப் பின் டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பாகம்) முடிவு செய்கிறது. எவ்வளவு பெரியது வேண்டும் என்பதைக் கணக்கு முடிவு செய்கிறது. அந்த வரிசையிலேயே போவோம்.

1. இப்போது என்ன இருக்கிறது என்று எண்ணுங்கள்

முன்னால் கிராங்கில் (பெடல் பொருத்திய கை) உள்ள பல்சக்கரங்களான செயின்ரிங்குகளில் பல் எண்ணிக்கை பொறித்திருக்கும்: 50, 34 அல்லது 52, 36. பழைய பந்தய சைக்கிளாக இருந்தால் 53, 39. பின்னால் கேசட்டின் ஒவ்வொரு சக்கரத்திலும் சிறிய எழுத்தில் எண் இருக்கும். அழுக்கு மறைத்திருந்தால் துடைத்துப் பாருங்கள். பெரிய சக்கரத்தில் ஒரு பல்லில் சாக்பீஸ் அடையாளம் வைத்து விரலால் எண்ணினாலும் சரிதான்.

நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: முன்னால் பெரியது, சிறியது, பின்னால் பெரியது, சிறியது. அதோடு பின்னால் மொத்தம் எத்தனை சக்கரங்கள் என்பதையும் எழுதுங்கள். 8 ஸ்பீடு ஷிஃப்டருக்கு (கியர் மாற்றும் லிவருக்கு) 8 சக்கரக் கேசட்தான். 9 சக்கரம் போட்டால் ஒன்று கூடுதலாகக் கிடைக்காது. சக்கரங்களின் இடைவெளி மாறிவிடுவதால் எந்தக் கியரும் சரியாக உட்காராது.

விலை குறைந்த 7 ஸ்பீடு சைக்கிள்களில் கேசட்டே இருக்காது. ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதியில்) மரை போட்டுத் திருகிய ஃப்ரீவீல்தான் இருக்கும். பின்சக்கரத்தைக் கழற்றி நடுவே பாருங்கள். பெடலைப் பின்னால் சுற்றுவதுபோல் பல்சக்கரங்களைச் சுழற்றும்போது நடுவில் உள்ள காடி வளையமும் கூடவே சுற்றினால் அது கேசட். அது அசையாமல் நின்றால் ஃப்ரீவீல். கழற்றும் கருவி இரண்டுக்கும் வேறு. ஃப்ரீவீல்காரர்களுக்கு வழி சுலபம்: சைக்கிள் பாகங்கள் செய்யும் ஷிமானோவின் 14–34 பல் 7 ஸ்பீடு ஃப்ரீவீல் கிடைக்கிறது. ஆனால் கீழே 3ஆம் பகுதியில் சொல்லும் டீரெய்லர் வரம்பு அதற்கும் பொருந்தும்.

2. எவ்வளவு இலகு வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்

முன் பல்லைப் பின் பல்லால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்குங்கள். 700×25 டயருக்குச் சுற்றளவு சுமார் 2.1 மீட்டர். பெடல் ஒரு முழுச் சுற்று சுற்றினால் சைக்கிள் எவ்வளவு தூரம் நகரும் என்பது கிடைத்துவிடும்.

39×25 (முன் 39, பின் 25 பல்): 3.28 மீட்டர்
36×28: 2.70 மீட்டர்
34×28: 2.55 மீட்டர்
34×32: 2.23 மீட்டர்
34×34: 2.10 மீட்டர்
30×34: 1.85 மீட்டர்

இதை மலையோடு இணைத்துப் பார்த்தால்தான் அர்த்தம் புரியும். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 6 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் போக, டயர் உராய்வையும் சேர்த்து, ஏறக்குறைய 125 வாட் வேண்டும். 10 சதவீத ஏற்றமானால் 6 கி.மீ. வேகத்துக்கே 150 வாட் போய்விடும். வாரத்தில் மூன்று நாள் ஓட்டும் சாதாரண ஆளால் நீண்ட நேரம் தர முடிகிற சக்தி ஏறக்குறைய இவ்வளவுதான்.

மணிக்கு 6 கி.மீ. என்பது நிமிடத்துக்கு 100 மீட்டர். அந்த வேகத்தில் 39×25 கியரில் பெடல் நிமிடத்துக்கு 30 சுற்றுதான் சுற்றும். 34×28இல் 39, 34×32இல் 45, 34×34இல் 48, 30×34இல் 54. சுற்று 60ஐ ஒட்டி இருந்தால் மூச்சு வாங்கும், ஆனால் கால் தாங்கும். 40க்குக் கீழே இறங்கினால் ஒவ்வொரு மிதியும் மூட்டை தூக்கிப் படியேறுவதுபோல முட்டியில் வந்து விழும். ஏலகிரி உச்சியில் முட்டி வலி என்று உட்காருபவர்கள் பலருக்கும் குறை உடம்பில் இல்லை, கியரில்தான் இருக்கிறது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகும். 28இலிருந்து 30க்குப் போவது செலவுக்குத் தகுந்த மாற்றம் இல்லை. சுமார் 7 சதவீதம்தான் இலகுவாகும். 28இலிருந்து 32க்கோ 34க்கோ போனால்தான் காலுக்குத் தெரியும். 39 பல் செயின்ரிங் உள்ளவர்கள் முதலில் முன்பக்கத்தைக் கவனிக்க வேண்டும்.

3. பின் டீரெய்லரின் இரண்டு வரம்புகள்

டீரெய்லரின் உட்புறத்தில் மாடல் எண் பொறித்திருக்கும். அதன் கடைசியில் எஸ்எஸ் (SS) என்றால் குட்டைக் கூண்டு, ஜிஎஸ் (GS) என்றால் நீளக் கூண்டு. செயின் ஓடும் இரண்டு உருளைகளைத் தாங்கும் பகுதிதான் கூண்டு. இந்த எண்ணை ஷிமானோவின் விவரக்குறிப்பில் தேடினால் இரண்டு வரம்புகள் கிடைக்கும். இரண்டும் வேறு வேறு; ஒன்றை மட்டும் பார்த்துவிட்டு வாங்குவதால்தான் பணம் வீணாகிறது.

முதலாவது, அதிகபட்சப் பின் பல். டீரெய்லரின் மேல் உருளை பெரிய சக்கரத்துக்குக் கீழே இடிக்காமல் நிற்க இடம் வேண்டும். ஷிமானோவின் 105 வரிசையில் 5800 எஸ்எஸ் 28 பல் வரை, 5800 ஜிஎஸ் 32 வரை. அடுத்து வந்த ஆர்7000 எஸ்எஸ் 30 வரை, ஆர்7000 ஜிஎஸ் 34 வரை. ‘105 என்றால் 34 போகும்’ என்று கடையில் சொல்வதைக் கேட்டு, கையில் 5800 எஸ்எஸ் வைத்திருப்பவர் 34 வாங்கினால் உருளை பல்லோடு உரசும்.

இரண்டாவது, மொத்தக் கொள்ளளவு. கியர் மாறும்போது தளரும் செயினைக் கூண்டு எவ்வளவு இழுத்துப் பிடிக்க முடியும் என்பது இது. கணக்கு சுலபம்: முன் இரண்டின் வித்தியாசத்தோடு பின் இரண்டின் வித்தியாசத்தைக் கூட்டுங்கள். முன் 50/34, பின் 11–28 என்றால் 16 + 17 = 33. அதே கிராங்கில் 11–32 என்றால் 37. 11–34 என்றால் 39. ஆர்7000 ஜிஎஸ்ஸின் கொள்ளளவு 39, கச்சிதமாகப் பொருந்துகிறது. எஸ்எஸ்ஸின் கொள்ளளவு 35 என்பதால் 11–32க்கே போதாது.

சில சட்டங்களில் டீரெய்லர் தொங்கும் ஹேங்கர் கொஞ்சம் நீளமாக இருக்கும். அதனால் வரம்பைத் தாண்டி இரண்டு பல் கூடப் போட்டு ஓட்டுபவர்கள் உண்டு. அதை நம்பி வாங்காதீர்கள். ஒரு சைக்கிளில் உட்கார்ந்தது இன்னொன்றில் உட்காராது.

4. எந்த வழியில் போவது

டீரெய்லர் ஏற்கெனவே ஜிஎஸ் என்றால் கேசட்டும் செயினும் போதும். இதைவிட மலிவான வழி கிடையாது.

எஸ்எஸ் என்றால் டீரெய்லரையும் சேர்த்து மாற்றுங்கள். இங்கே கேபிள் இழுப்பு என்ற ஒரு விஷயம் குறுக்கே வரும். லிவர் ஒரு கிளிக்குக்கு எவ்வளவு கேபிள் இழுக்கிறது என்பதும் டீரெய்லர் அதற்கு எவ்வளவு நகர்கிறது என்பதும் ஒத்துப்போக வேண்டும். ஷிமானோவின் கிளாரிஸ் 8 ஸ்பீடு, சோரா 9 ஸ்பீடு வரிசைகளை வைத்திருப்பவர்களுக்கு நல்ல வாய்ப்பு ஒன்று உண்டு: அதே ஷிமானோவின் 8, 9 ஸ்பீடு மலை சைக்கிள் டீரெய்லர்களான ஆல்டஸ், அசெரா, அலிவியோ ஆகியவை இந்த லிவர்களோடு அப்படியே வேலை செய்யும். நீளக் கூண்டு கொண்டவை என்பதால் பெரிய கேசட்டைத் தாங்கும். 10 ஸ்பீடு மலை சைக்கிள் டீரெய்லரை மட்டும் இவற்றோடு சேர்க்க வேண்டாம், இழுப்பு வேறு. ஷிமானோவின் இன்னொரு வரிசையான டியாக்ரா 4700 வைத்திருப்பவர்கள் இந்த வழிக்கு வர முடியாது. அவர்களுக்கு ஜிஆர்எக்ஸ் ஆர்எக்ஸ்400 டீரெய்லர் இருக்கிறது. 36 பல் வரை எடுக்கும்.

52/36 கிராங்க் உள்ளவர்கள் முன்பக்கத்தையும் யோசிக்கலாம். செயின்ரிங்கைத் தாங்கும் கைகள் நான்கு உள்ள ஷிமானோ கிராங்குகளில் 52/36 இருக்கும் அதே கையில் 50/34 செயின்ரிங்கும் பொருந்தும். கிராங்க் மாற்ற வேண்டாம், ரிங் மட்டும் போதும். பழைய ஐந்து கை 53/39 கிராங்கில் போல்ட் வட்டத்தின் (ரிங் போல்ட்டுகள் அமைந்த வட்டம்) விட்டம் 130 மி.மீ.; அதில் 38க்குக் கீழே ரிங் ஏறாது. அங்கே கிராங்கையே மாற்ற வேண்டும்.

52/36 உள்ளவர்கள் செயின்ரிங், கேசட் இரண்டில் எதை முதலில் மாற்றுவது என்று கேட்டால் கேசட்தான். காரணம், கேசட் தேய்கிற பொருள்; எப்படியும் ஒருநாள் மாற்றப் போகிறீர்கள்.

ஒரு விட்டுக்கொடுப்பும் உண்டு. 11 ஸ்பீடு 11–28இல் சக்கரங்கள் 11, 12, 13, 14, 15, 17, 19, 21, 23, 25, 28 என்று போகும். 11–34இல் 11, 13, 15, 17, 19, 21, 23, 25, 27, 30, 34. சமதரையில் பெங்களூரு நெடுஞ்சாலையில் கூட்டமாகப் போகும்போது 13க்கும் 15க்கும் நடுவே 14 இல்லாதது தெரியும். வாரம் ஒருமுறையாவது மலை ஏறுபவர் 34 வாங்கலாம். மாதம் ஒருமுறை என்றால் 11, 12, 13, 14, 16, 18, 20, 22, 25, 28, 32 என்று போகும் 11–32 நல்ல நடுவழி.

5. வேலைக்கு முன் எடுத்து வைக்க வேண்டியவை

கேசட் லாக்ரிங் (கேசட்டை ஹப்பில் இறுக்கிப் பிடிக்கும் வளையம்) கழற்றும் காடிக் கருவி, அதைத் திருப்ப ஒரு பெரிய ஸ்பேனர், பல்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் செயின் விப், செயின் கட்டர், 4, 5, 6 மி.மீ. ஆலன் கீ, சின்ன ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், கிரீஸ், மண்ணெண்ணெய், பழைய துணி. செயினுக்கு உங்கள் ஸ்பீடுக்கான க்விக் லிங்க் (செயினின் இரு முனைகளை இணைக்கும் கண்ணி). ஸ்டாண்ட் இல்லையென்றால் சீட்டைக் கயிற்றில் கட்டி வேப்ப மரக் கிளையில் பின்சக்கரம் தரையைத் தொடாமல் தொங்கவிட்டாலே போதும். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி டீரெய்லரைச் சரிசெய்யாதீர்கள். இடம் வலம் குழம்பும், லிவரும் கீழே நசுங்கும்.

செயின் விப் இல்லாமல் உளியும் சுத்தியும் வைத்து லாக்ரிங்கைத் தட்டிக் கழற்றும் கடைகள் உண்டு. சாதா சைக்கிளுக்குச் செல்லும் அந்த வேலை இங்கே காடியை உடைத்துவிடும். பிறகு எந்தக் கருவியும் பிடிக்காது. உரிய கருவி இல்லாத இடத்தில் சக்கரத்தைக் கொடுக்க வேண்டாம்.

6. பழையதைக் கழற்றுதல்

முன்னால் சிறிய ரிங், பின்னால் மிகச் சிறிய பல்சக்கரம் என்று கியரை வைத்துவிட்டுப் பின்சக்கரத்தைக் கழற்றுங்கள். கேபிள் தளர்ந்திருக்கும், சக்கரம் இலகுவாக வெளியே வரும்.

லாக்ரிங் இடப்பக்கம் சுற்றினால் கழலும். ஆனால் கேசட் அந்தத் திசையில் தானாகவே சுற்றும் என்பதால் செயின் விப்பை ஒரு நடுச் சக்கரத்தில் சுற்றி வலப்பக்கமாகப் பிடித்துக்கொள்ள வேண்டும். முதல் அசைவில் ‘டக்’ என்று பெரிய சத்தம் வரும். லாக்ரிங்கின் அடியில் உள்ள வரிகள் விடுபடும் சத்தம் அது, எதுவும் உடையவில்லை.

பல்சக்கரங்கள் வரும் வரிசையிலேயே ஒரு கம்பியில் கோத்து வையுங்கள். அலுமினிய ஃப்ரீஹப்பில் (ஹப்பில் கேசட் உட்காரும் காடி உருளை) பல்சக்கரங்கள் கடித்து இறங்கிய தடம் இருந்தால் மெல்லிய அரத்தால் மேடுகளை மட்டும் தேய்த்துவிடுங்கள். இல்லையென்றால் புதியது முழுதாக உட்காராது. மண்ணெண்ணெயில் துடைக்கும்போது டிஸ்க் பிரேக் உள்ளவர்கள் ரோட்டரைத் துணியால் மூடிவையுங்கள். ஒரு துளி பட்டாலும் இறங்கும்போது பிரேக் கத்தும், பிடிப்பும் குறையும்.

7. புதியதை மாட்டுதல்

ஃப்ரீஹப்பின் காடிகளில் ஒன்றின் அகலம் மட்டும் மற்றவற்றோடு ஒத்திருக்காது. சக்கரங்களிலும் அதற்கேற்ற பல் இருக்கும், அதனால் ஒரே நிலையில்தான் உள்ளே போகும். எண் எழுதிய பக்கம் வெளியே பார்க்க வேண்டும்.

ஸ்பேசர் வளையத்தை இங்கே பலர் தவறவிடுகிறார்கள். 8, 9, 10 ஸ்பீடு கேசட்டை 11 ஸ்பீடு ரோடு ஹப்பில் போட்டால் அடியில் 1.85 மி.மீ. வளையம் வேண்டும். ஷிமானோவின் 11 ஸ்பீடு 11–34 கேசட்டுகளான எச்ஜி700, எச்ஜி800 கொஞ்சம் வேறு: பழைய 10 ஸ்பீடு ஹப்பிலும் அப்படியே ஏறும், ஆனால் 11 ஸ்பீடு ரோடு ஹப்பில் இதே 1.85 வளையம் கட்டாயம். வளையத்தை விட்டுவிட்டால் லாக்ரிங் இறுகியதுபோலவே இருக்கும், ஆனால் கேசட் ஆடும். இறுக்கிய பிறகு பெரிய சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். துளி ஆட்டம்கூட இருக்கக் கூடாது.

லாக்ரிங் மரைக்குக் கொஞ்சம் கிரீஸ். இறுக்கம் 40 நியூட்டன் மீட்டர். டார்க் ரெஞ்ச் இல்லாதவர்கள் ஒரு அடி நீள ஸ்பேனரின் நுனியில் ஏறக்குறைய 13 கிலோ எடையின் அழுத்தம் என்று வைத்துக்கொள்ளலாம். இறுக்கும்போது செயின் விப் தேவையில்லை.

8. செயின் நீளம்

பெரிய கேசட்டைப் போட்டுவிட்டுப் பழைய செயினையே மாட்டுவது இந்த வேலையில் மிக ஆபத்தான தவறு. 28இலிருந்து 34க்குப் போனால் செயினுக்கு மூன்று கண்ணி கூடுதலாகத் தேவைப்படும். நீளம் போதாத செயினோடு தெரியாமல் முன் பெரியது, பின் பெரியது என்று மாற்றினால் டீரெய்லர் ஹேங்கரோடு பிய்ந்து சக்கரக் கம்பிகளுக்குள் போகும். மலையில் களைத்திருக்கும்போது இந்தத் தவறான கியர் யாருக்கும் விழும்.

புதுச் செயின் வாங்குங்கள். தேய்ந்த செயின் புதுக் கேசட்டையும் தன்னைப்போலவே தேய்த்துவிடும். ஒருவேளை பழையது நல்ல நிலையில் இருந்தாலும் நீளம் போதாது.

அளப்பது இப்படி: செயினை டீரெய்லர் வழியாக விடாமல், முன் பெரிய ரிங், பின் பெரிய சக்கரம் இரண்டையும் மட்டும் சுற்றி இழுத்துப் பிடியுங்கள். இரு முனைகளும் இணையக்கூடிய மிகக் குறுகிய இடத்தைக் கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இரண்டு கண்ணி, அதாவது ஒரு உள்கண்ணியும் ஒரு வெளிக்கண்ணியும், சேர்த்து வெட்டுங்கள். க்விக் லிங்க்கும் ஒரு வெளிக்கண்ணிதான், அதையும் கணக்கில் சேருங்கள். வெட்டும் முன் இரண்டு தடவை எண்ணுங்கள்.

9. திருகுகளைச் சரிசெய்தல்

வரிசை முக்கியம்: பி திருகு, எல், எச், அதன் பிறகே கேபிள். கேபிளில் ஆரம்பித்தால் ஒன்றைச் சரிசெய்ய மற்றொன்று கெடும்.

முன் சிறியது, பின் பெரியது என்று வையுங்கள். மேல் உருளைக்கும் பெரிய சக்கரத்தின் பல் நுனிக்கும் இடையே 5 முதல் 6 மி.மீ. இடைவெளி வேண்டும். 6 மி.மீ. ஆலன் கீயை இடையில் நுழைத்துப் பார்க்கலாம். பி திருகை வலப்பக்கம் சுற்றினால் இடைவெளி கூடும். கூடுதல் இடைவெளி விட்டால் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம், கியர் மாறுவது மந்தமாகிவிடும்.

எல் திருகு டீரெய்லர் கம்பிப் பக்கம் எவ்வளவு போகலாம் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. பெரிய சக்கரத்தில் நிற்கும்போது டீரெய்லரைக் கையால் உள்ளே தள்ளிப் பாருங்கள். செயின் கம்பிக்குள் விழும் அளவுக்கு நகரக் கூடாது. இந்தச் சோதனையை ஓட்டிப் பார்ப்பதற்கு முன்பே செய்தாக வேண்டும். எச் திருகு மறுமுனைக்கு.

கேபிளுக்கு, சின்னச் சக்கரத்திலிருந்து ஒரு கிளிக் கொடுங்கள். இரண்டாவதில் ஏறத் தயங்கினால் பேரல் அட்ஜஸ்டரை (கேபிள் இறுக்கத்தை மாற்றும் கைத்திருகு) இடப்பக்கம் கால் சுற்று. தாண்டிக் குதித்தால் வலப்பக்கம் கால் சுற்று. கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் வேண்டாம்.

நடுவில் சரியாக இருந்து இரு முனைகளிலும் சரியாகாமல் போனால் திருகைத் திருகிக்கொண்டே இருக்காதீர்கள்; ஹேங்கர் வளைந்திருக்கும். சைக்கிளை பஸ்ஸிலோ ஜோலார்பேட்டை வரை ரயிலிலோ ஏற்றி வருபவர்களுக்கு இது அடிக்கடி நேரும். அதற்கென உள்ள அளவுகோல் வைத்து நிமிர்த்த வேண்டும், கையால் வளைக்கக் கூடாது.

10. செயின்ரிங்கும் மாற்றினால்

இடது கிராங்கின் இரண்டு போல்ட்டையும் மாறி மாறித் தளர்த்திக் கிராங்கை வெளியே எடுத்தால்தான் உள் ரிங்கை எடுக்க முடியும். புதிய பெரிய ரிங்கின் வெளிப்பக்கம் துருத்தும் முள், கிராங்க் கைக்கு நேர் பின்னால் வர வேண்டும். செயின் கழன்று விழுந்தால் கிராங்குக்கும் ரிங்குக்கும் நடுவே சிக்காமல் தடுப்பது அதுதான். மாட்டும்போது இடது கிராங்க் போல்ட்டுகளை 12 முதல் 14 நியூட்டன் மீட்டருக்கு மாறி மாறி இறுக்குங்கள்.

52 இருந்த இடத்தில் 50 வந்தால் முன் டீரெய்லர் உயரமாக நிற்கும். அதைக் கீழே இறக்கி, வெளித்தகட்டுக்கும் ரிங்கின் பல் நுனிக்கும் 1 முதல் 3 மி.மீ. இருக்கும்படி வையுங்கள்.

11. மலைக்குப் போகும் முன்

முதலில் தொங்கவிட்ட நிலையில் முன் பெரியது, பின் பெரியதுக்கு மெதுவாகக் கையால் மாற்றுங்கள். கூண்டு முன்னோக்கி இழுபட்டாலும் கொஞ்சம் வளைவு மிச்சம் இருக்க வேண்டும். பிறகு முன் சிறியது, பின் சிறியது: செயின் தொய்ந்து தன்னைத்தானே உரசக் கூடாது. உரசினால் கொள்ளளவைத் தாண்டிவிட்டீர்கள்.

அடுத்து தெருவில், உட்கார்ந்தபடி பிரேக்கை லேசாகப் பிடித்துக்கொண்டு அழுத்தி மிதியுங்கள். ஏற்றத்தின் சுமை கிடைக்கும். தொங்கும்போது வழுக்காத செயின் சுமையில் வழுக்கலாம்.

முதல் ஏற்றத்துக்குப் பாலமதி போதும். வழியில் ஏதாவது பிசகினால் ஊர் பக்கத்தில் இருக்கும். ஏலகிரி, ஆலங்காயத்திலிருந்து காவலூர் வழியாக ஜமுனாமரத்தூர் எல்லாம் அடுத்த வாரம்.

புது கியரைப் பயன்படுத்தும்போது ஒன்று. இடப்பக்கம் ஓட்டுவதால், இடது பக்கம் திரும்பும் கொண்டை ஊசி வளைவுகளில் நாம் உள்வளைவில் இருப்போம். சாலையின் மிகச் செங்குத்தான கோடு அதுதான். வளைவுக்கு 10 மீட்டர் முன்பே, கால் இன்னும் சுலபமாகச் சுற்றும்போது, 34க்கு மாற்றிவிடுங்கள். வளைவின் நடுவில் முழு அழுத்தத்தோடு மாற்றினால் செயின் பாதியில் நிற்கும், சில வேளை அறுந்தும் போகும். மேலிருந்து பஸ் வராதது உறுதியானால் கொஞ்சம் வெளியே ஒதுங்கி ஏறலாம், ஏற்றம் குறையும். வராது என்று தெரியாவிட்டால் உள்ளேயே இருங்கள். அதற்குத்தான் 34.

இரண்டு மூன்று சவாரிக்குள் கேபிள் கொஞ்சம் தளர்ந்து, கியர் ஏறத் தயங்கும். பேரல் அட்ஜஸ்டரை இடப்பக்கம் கால் சுற்று சுற்றினால் சரியாகிவிடும்; மற்றத் திருகுகளைத் தொட வேண்டாம். லாக்ரிங்கை மட்டும் ஒருமுறை கருவி வைத்துச் சோதித்துவிடுங்கள்.